உள்ளூர்ப் பியரும் தோட்டத்துத் தவறணையும்

வெளிநாடு சென்று மீள்வோர் எழுதும் பயணக் கட்டுரைகளிலும், அவர்கள் நண்பர் குழாத்தில் நிகழ்த்தும் உரையாடல்களிலும் ஒரு பகுதி தவறாது இடம்பெறுகின்றது. அது, சென்ற ஊரின் பியரைச் சுவைத்த கதை. கொலோன் நகரில் இருநூறு மில்லிலீற்றர் கொள்ளும் ஒடுங்கிய குவளையில் அருந்தியதும், மியூனிச்சில் ஒரு லீற்றர் சாடியைத் தூக்க முடியாது தவித்ததும், பெல்ஜியத்தில் துறவிமடம் ஒன்றின் பியரைக் கண்டு வியந்ததும் சுவைபடக் கூறப்படும். கூறுவோர் பெரும்பாலும் கற்றவர். புலமைப்பரிசில் பெற்றோ மாநாட்டுக்கு அழைக்கப்பட்டோ சென்றவர். ஓர் ஊரின் பியரை அருந்துதல் அவ்வூர்ப் பண்பாட்டை அறிதலின் ஒரு கூறு என்பது அவர்தம் துணிபு. இத்துணிபை இக்கட்டுரையாளன் மறுக்க வரவில்லை.

மறுப்பு எழுவது வேறோரிடத்தில். இதே கற்றோரிடம் மலையகத்தைப் பற்றிக் கேளுங்கள். பசறை, நமுனுகுல, லுணுகல, மடுல்சீமை என ஊவாவின் தோட்டங்களைப் பற்றி அவர்கள் அறிந்தவை சிலவேயாயினும், ஒன்றை மட்டும் உறுதியாகக் கூறுவர்: "அந்தச் சனத்தைக் கெடுத்தது குடி." அயலூரான் அருந்தினால் அது மரபு, லயத்துத் தொழிலாளி அருந்தினால் அது ஒழுக்கக்கேடு. ஒரே நாவிலிருந்து, சில வேளைகளில் ஒரே மாலைப்பொழுதில், இவ்விரு தீர்ப்புகளும் வெளிவருவதைப் பன்முறை கேட்டிருக்கிறோம்.

இந்த முரண்பாட்டை ஒருவரின் தனிப்பட்ட குறையெனக் கருதி விட்டுவிடலாகாது. அதற்கு வரலாற்று வேர் உண்டு; வர்க்க அடிப்படையும் உண்டு. அயலூர்களிற் பியரைப் போற்றச் செய்யும் "உள்ளூர்" என்னும் சொல், நம் மலைநாட்டில் எவ்வாறு பொருளிழந்தது, அப்பொருளிழப்பினால் இலாபமடைந்தோர் யார், விலை கொடுத்தோர் யார் என்பவற்றை வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உள்ளூர் என்பது யாது?

முதலில், நம்மவர் வியக்கும் அயலூர்களை நோக்குவோம். அவ்வூர்ப் பியருக்கு "உள்ளூர்" என்னும் அடைமொழி எவ்வாறு வாய்த்தது? நீரின் தன்மையும் தானியத்தின் மணமும் மட்டும் அதனைத் தந்துவிடவில்லை. சட்டமும் உடைமையும் விலையும் சேர்ந்தே அதனைத் தந்தன.

பவேரியாவில் 1516ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட பியர்த் தூய்மைக் கட்டளையைப் பயண நூல்கள் யாவும் பாடும். பார்லி, ஹொப்ஸ், நீர் என்னும் மூன்றினாலன்றிப் பியர் வடித்தலாகாது என அது விதித்ததை எல்லோரும் அறிவர். அக்கட்டளையின் தொடக்கப் பகுதி பியரின் விலையைப் பற்றியது என்பதை அறிவோர் சிலரே. எந்தப் பருவத்தில் ஓர் அளவைப் பியரை எவ்வளவு காசுக்கு விற்கலாம் என்று உச்சவரம்பு கட்டிய பின்னரே அது மூலப்பொருளுக்கு வருகின்றது. ஆக, அங்கே "உள்ளூர்" என்றதன் பொருள்களுள் ஒன்று, உள்ளூரான் வாங்கிக் குடிக்கத்தக்க விலை என்பதாகும்.

பொகீமியாவின் பில்சன் நகரத்துப் பியரை எடுத்துக்கொள்வோம். 1842இல் அங்கே முதன்முதலாக வடிக்கப்பட்ட பொன்னிறப் பியரே இன்று உலகெங்கும் விற்கும் "லாகர்" வகையின் முன்மாதிரி. அதனை வடித்த சாலையைக் கட்டியவர்கள், அந்நகரில் வடிப்புரிமை பெற்றிருந்த குடிமக்களே. பழைய வடிசாலைகளின் பியர் தரங்கெட்டபோது அதனை வீதியிற் கொட்டிவிட்டு, தாமே கூடிப் புதிய சாலையை எழுப்பினர். கொலோன் நகரத்தின் "கொல்ஷ்" என்னும் பெயரை, அந்நகரும் அதன் சூழலும் தவிர்ந்த வேறிடத்தார் சூட்டிக்கொள்ளாதவாறு 1986ஆம் ஆண்டு உடன்படிக்கை காக்கின்றது. யப்பானில் 1994ஆம் ஆண்டு வரிச்சட்டம் திருத்தப்படும்வரை, ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் லீற்றர் வடிக்க வல்லோருக்கே பியர் உரிமம் கிடைத்தது. அவ்வெல்லை அறுபதாயிரம் லீற்றராகக் குறைக்கப்பட்ட பின்னரே, இன்று நம்மவர் தேடிச் சுவைக்கும் "ஜி-பீரு", அதாவது ஊர்ப் பியர், அங்கே பெருகிற்று. நைஜீரியா 1988இல் பார்லி இறக்குமதியைத் தடுத்தபோது, அங்கே வடிக்கப்பட்ட அயர்லாந்துக் கறுப்புப் பியர் கூட அந்நாட்டு இறுங்குச் சோளத்துக்கு மாறிற்று. கோவாவின் முந்திரிப்பழச் சாராயமாகிய "பெனி" 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மானிடத்தின் மரபுரிமையாகப் பதிவு செய்தது.

இவ்வெடுத்துக்காட்டுகள் யாவும் ஒன்றையே உணர்த்துகின்றன. ஓர் ஊரின் பானம் "உள்ளூர்ப் பானம்" ஆவதற்கு அவ்வூரார் அதனை ஆக்கவேண்டும். ஆக்கும் உரிமையைச் சட்டம் அவர்களுக்கு அளிக்கவேண்டும். ஆக்கியதை அவர்களும் அருந்த வல்லவராதல் வேண்டும். இம்மூன்றும் இருந்தாலே ஊரின் பெயர் குவளைக்குப் பொருந்தும்.

2. ஆற்றுப்படை கூறும் விருந்து

வழிச்செல்வோன் அவ்வவ்வூர்ப் பானத்தைச் சுவைக்கும் செய்தி தமிழருக்குப் புதிதன்று. பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்களை இந்நோக்கில் மீண்டும் படித்தல் தகும். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி கூறுகின்றான். ஒவ்வொரு நிலத்திலும் என்ன உண்ணலாம், என்ன பருகலாம் என்பதையும் கூறுகின்றான். மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைக் காட்டுகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் இல்லத்தில் அட்ட நெற்கள்ளாகிய தோப்பியும் வருகின்றது. அரிசிக் கூழை ஆற்றி, முளையைச் சேர்த்து, சாடியில் நாட்பட வைத்து வடிக்கும் முறையும் வருகின்றது. தானியத்தை முளையிட்டுப் புளிக்க வைத்து எடுப்பதாகிய இதனைப் பியரின் இனத்தது என்று கூறுவதில் தவறில்லை.

இங்கே கருதத்தக்கது பானத்தின் வகையைவிட, அது கைமாறும் முறையே. வந்தவன் பருகுவது வீட்டார் தமக்கென ஆக்கிக்கொண்டதை. அவர்களுக்கு ஒரு சாடியும் அவனுக்கு வேறொரு சாடியும் என்றில்லை. ஆற்றுப்படை காட்டும் உலகிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. கள்விலைக்கு ஆநிரை கவரும் செய்தியும் அதே நூலில் உண்டு. எனினும் விருந்தினனும் விருந்தளித்தோனும் ஒரே பானத்தைப் பகிர்ந்தனர் என்பது அம்மரபின் அடிநிலை.

கள்ளைக் கடிந்த மரபும் நம்முடையதே. திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தை நம் மேடைகள் தொழிலாளியை நோக்கி ஓதுகின்றன. ஆயின் வள்ளுவர் அதனைப் பொருட்பாலில் வைத்தார். அதன் முதற்குறளே, பகைவர் அஞ்சும் நிலையையும் பெற்ற புகழையும் கள்ளின்மீது கொண்ட காதலால் இழப்பாரைப் பற்றிப் பேசுகின்றது. பகைவரும் புகழும் உடையோர் யார்? ஆள்வோரும் ஆள்வோரைச் சார்ந்தோருமே. அறிவுரை மேல்நோக்கிச் சென்ற காலம் அது. இன்று நாம் அதனைக் கீழ்நோக்கி மட்டும் எறிகின்றோம்.

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கண்டிச் சீமைக்கு நடந்து வந்த மக்கள், முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் சாராயமும் சுருட்டும் படைக்கும் வழக்கையும் உடன் கொண்டுவந்தனர். அங்கே குடிக்கு நாளும் இடமும் அளவும் இருந்தன. அந்த அளவு இம்மலைகளில் எவ்வாறு குலைந்தது என்பதே இனி நோக்கற்பாலது.

3. துரைக்குப் பியர், தொழிலாளிக்குத் தவறணை

சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848ஆம் ஆண்டு நுவரெலியாவிற் குடியேறினார். இங்கிலாந்திலிருந்து பண்ணையாட்களையும் கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் தருவித்து, மலைமுகட்டில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை அமைக்க முயன்றார். இலங்கையின் பியர் வடிப்பு வரலாற்றை அவரிடமிருந்தே தொடங்குவது வழக்கு. வணிக முறையிலான வடிசாலை 1881இல் நுவரெலியாவில் நிறுவப்பட்டது. ஹில் கிளப் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1876இலேயே அங்கே தோன்றிவிட்டது. குளிர்ந்த மலையும் தெளிந்த நீரும் வடிப்புக்கு உதவின என்பது உண்மையே. ஆயினும் மோல்ற்றும் ஹொப்சும் கப்பலில் வந்தன, அருந்தும் வாயும் கப்பலிலேயே வந்தது. கோப்பித் தோட்டங்களையும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களையும் நடத்திய துரைமாரின் தாகத்துக்கு அவ்வடிசாலை விடையாயிற்று.

அதே காலத்தில் தொழிலாளிக்கு வகுக்கப்பட்டது வேறொன்று: தவறணை. கள்ளையும் சாராயத்தையும் விற்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. கூடிய தொகை கேட்டவர் குத்தகையைப் பெற்றார்; கொடுத்த தொகையை மீட்கக் கூடுதலாக விற்றார். குடியேற்ற அரசின் வருவாயில் மதுவரி பெரும் பங்கு வகித்தது. சாராயக் குத்தகையால் திரண்ட மூலதனமே இலங்கையின் சுதேச முதலாளி வர்க்கத்தின் எழுச்சிக்கு முதன்மையான ஊற்றுகளுள் ஒன்றாயிற்று என்பதைக் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு விரிவாக எடுத்துக்காட்டியுள்ளது. அம்மூலதனத்தின் ஒரு பகுதி மீண்டும் நிலத்திலும் பெருந்தோட்டத்திலும் முதலிடப்பட்டது.

இச்சுற்றை நிறுத்தி நோக்குக. தொழிலாளி மலையில் உழைத்துப் பெற்ற கூலியின் ஒரு பகுதி, சம்பள நாளின் மாலையிலேயே கடைவீதித் தவறணைக்குச் சென்றது. தவறணையிலிருந்து அது குத்தகைக்காரனுக்கும் அரசிறைக்கும் சென்றது. அங்கிருந்து தோட்டமாகவும் வீதியாகவும் மாறி, மீண்டும் அவனையே வேலைக்கு அழைத்தது. ஏற்கெனவே அவன் கங்காணியிடம் கடன்பட்டவன். 1921இல் ஒழிக்கப்படும்வரை "துண்டு" முறை அக்கடனோடு அவனை ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாற்றிற்று. அரிசிக்குப் பிடித்தம் போக எஞ்சியதைத் தவறணை எடுத்துக்கொண்டது. துரை தன் கிளப்பில் குடித்ததைக் குடியென எவரும் எழுதவில்லை. தொழிலாளி குடித்ததை மட்டும் அவன் இனத்தின் இயல்பென எழுதிவைத்தனர். இன்று நாம் கூறும் "அந்தச் சனத்தைக் கெடுத்தது குடி" என்னும் தொடர், அத்துரைமார் எழுதியதன் தமிழாக்கமே.

இனி, இம்மலைகளுக்கே உரிய பானம் ஒன்று இருந்ததா என்று வினவலாம். இருந்தது, இருக்கின்றது. அது கித்துள் கள். கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலேயே கித்துள் மரத்தையும் அதன் இனிய சாற்றையும் விவரித்துள்ளார். பசறையைச் சூழ்ந்த சிங்களக் கிராமங்களின் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் நிற்கும் அம்மரத்தைச் சீவுதல் தலைமுறை தலைமுறையாக வந்த நுண்தொழில். பாளையைப் பக்குவப்படுத்தவும், நாளுக்கு இருமுறை ஏறிச் சீவவும், சாறு புளிக்குமுன் பாணியாகவும் கருப்பட்டியாகவும் காய்ச்சவும் அறிந்தோர் அங்கே வாழ்ந்தனர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் காட்டைப் பறித்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் மரத்திற் கள் இறக்குவதையே உரிமத்துக்குரிய செயலாக்கிற்று. உரிமம் அற்றவன் தன் முற்றத்து மரத்திலேயே குற்றவாளியானான். மதுவரி ஆட்சியின் அடித்தளமாக இன்றும் அச்சட்டமே நிலவுகின்றது.

ஆக, ஒரே நூற்றாண்டுக்குள் மூன்று செயல்கள் நடந்தேறின: அயலிலிருந்து வந்த பானம் மலையிற் குடியமர்த்தப்பட்டது, மலையின் சொந்தப் பானம் சட்டத்தின் பிடிக்குள் தள்ளப்பட்டது, உழைக்கும் மக்களுக்குத் தவறணை திறக்கப்பட்டது. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்கும்வரை நமக்கு உண்மை புலப்படாது.

4. எல்ல – பசறை வீதியில்

பசறை என்னும் ஊர்ப்பெயர் இன்று உலகப் பயணிகளின் கைந்நூல்களில் இடம்பெறுகின்றது. ஊராக அன்று, வீதியாக. எல்ல நகரிலிருந்து நமுனுகுல வழியாகப் பசறைக்குச் செல்லும் வீதியின் தொடக்கத்திலேயே, குட்டிச் சிவனொளிபாதம் எனப்படும் குன்றுக்குச் செல்லும் பாதை பிரிகின்றது. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் அண்மையிலேயே உள்ளது. 2009இல் யுத்தம் முடிவுற்ற பின் இப்பகுதி விடுதிகளாலும் உணவகங்களாலும் நிறைந்துவிட்டது. தேயிலை மலையை நோக்கி இருக்கைகள் போடப்பட்டுள்ளன. அந்தியில் அங்கமரும் பயணி கேட்பது, "உள்ளூர்ப் பியர் உண்டா?" என்பதே.

சிங்கம் பொறித்த போத்தல் வருகின்றது. அதனை அவன் மலையின் சுவை என எண்ணுகின்றான். அவ்வடிப்பு 1990களில் நுவரெலியாவை விட்டுக் கொழும்பை அண்டிய பியகமவுக்கு இறங்கிவிட்டது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் குழுமமும் அந்நிறுவனத்திற் பங்குடையது. அந்நிறுவனத்தின் கறுப்புப் பியர் தரத்தில் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. உலகப் பியர்கள் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மைக்கல் ஜாக்சன் அதனை மனமாரப் பாராட்டியவர். தரத்தைப் பற்றி நமக்கு வழக்கில்லை. அதனை "உள்ளூர்" என்று அழைப்பதைப் பற்றியே வழக்கு. அயல்நாட்டுத் தானியம், கொழும்பு மூலதனம், சமவெளி வடிசாலை. இவற்றில் பசறையின் பங்கு யாது? பின்னணியாக நிற்கும் மலைக்காட்சி மட்டுமே. அம்மலையில் முதுகு வளைந்து கொழுந்து பறிப்பவளும் அக்காட்சியின் ஓர் உறுப்பாகிவிடுகின்றாள்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன் ஆயிரம் ரூபாவை எட்டுவதற்கே 2021வரை ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. அவ்வுணவகங்களில் ஒரு பெரிய போத்தலுக்குப் பயணி செலுத்தும் தொகை, அந்த நாட்சம்பளத்தின் பாதியை எளிதிற் கடந்துவிடும். பவேரியாவின் 1516ஆம் ஆண்டுக் கட்டளை உள்ளூரானுக்காக விலை கட்டியதை மேலே கண்டோம். இங்கே "உள்ளூர்" என்பது உள்ளூரானின் கைக்கு எட்டாததன் பெயராயிற்று. அவன் தன் தாகத்துக்குக் கடைவீதித் தவறணைக்குச் செல்கின்றான். அதற்கும் இயலாதவன் காட்டோரத்துக் கசிப்பை நாடுகின்றான். அங்கே அவனைக் காத்திருப்பவை கெட்டுப்போன ஈரலும் பொலிசாரின் சோதனையும்.

பெண்ணின் நிலையையும் நோக்குக. பெண்களுக்கு மதுபானம் விற்பதையும் தவறணைகளில் அவர்களை வேலைக்கமர்த்துவதையும் 1979ஆம் ஆண்டு விதிகள் தடுத்தன. 2018 சனவரியில் நிதியமைச்சர் அத்தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் சனாதிபதி அந்நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். தோட்டத்துப் பெண்கள் குடிக்கும் உரிமைக்காகக் காத்திருந்தனர் என நாம் வாதிடவில்லை. அவர்களுட் பெரும்பாலோரின் வேண்டுதல் அதற்கு நேர்மாறானது. ஆயின் எல்லவின் மொட்டைமாடியில் அயல்நாட்டுப் பெண் குவளையை உயர்த்தும்போது அவ்விதியை நினைப்பவர் எவருமிலர். விதி எவரை நோக்கி எழுதப்பட்டதோ, அவரையே நோக்குகின்றது.

5. எதிர்வாதங்கள்

நம்மை நோக்கி இரு மறுப்புகள் எழும். முதலாவது மறுப்பு: "குடியால் லயங்கள் அழிவது கண்கூடு. அதனை மறைத்து, சுரண்டல் என்னும் சொல்லால் குடிகாரனைக் காப்பாற்றுகின்றீர்கள்."

குடியால் வரும் அழிவை மறைக்க நாம் வரவில்லை. ஊவாவின் லயங்களில் வளர்ந்தவர் எவரும் அதனை மறைக்கவியலாது. சம்பள நாளன்று இருள் கவியுமுன் பிள்ளைகளை அயற்காம்பராவுக்கு அனுப்பிவிடும் தாயை நாம் அறிவோம். அவள் பறித்த கொழுந்தின் கூலியையும் அவனே வாங்கிச் சென்ற காலம் ஒன்றிருந்தது. ஒரே தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டதே 1984இல்தான். குடியின் முழு விலையையும் கொடுப்பவள் அவளே. ஆகவே குடிக்கு எதிராக லயத்துப் பெண் எழுப்பும் குரலுக்கும், குளிரூட்டிய மண்டபத்திலிருந்து நாம் எழுப்பும் குரலுக்கும் வேறுபாடு உண்டு. அவள் தவறணையை மூடு என்கின்றாள். அதாவது விற்பவனை நோக்கிப் பேசுகின்றாள். நாமோ குடிப்பவனின் குணத்தை நோக்கிப் பேசுகின்றோம். இலங்கையில் 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்களும் தவறணையையும் அதனைத் திறந்த அரசையும் எதிர்த்தே வலுப்பெற்றன.

மேலும், குடியே வறுமையின் காரணம் என்போர் சில வினாக்களுக்கு விடை கூறவேண்டும். 1948இல் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது குடியா? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது குடியா? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறைகளை அடைத்தது குடியா? ஒன்றரை நூற்றாண்டு உழைத்தவனுக்குக் காணித்துண்டு ஒன்றை உறுதியோடு வழங்க மறுத்தது குடியா? காரணத்தையும் விளைவையும் இடமாற்றி வைத்தால், விளைவைச் சுமப்பவனே குற்றவாளியாகிவிடுவான். காரணத்தை ஆக்கியவன் நீதிபதியாகிவிடுவான்.

இரண்டாவது மறுப்பு: "பயணி ஒரு போத்தல் பியர் அருந்துவதில் இத்தனை அரசியலை ஏற்றலாமா? அவனால் ஊருக்கு வருவாய் உண்டே." வருவாய் உண்டு. விடுதிகளிற் பணியாற்றும் தோட்டத்து இளைஞர் பலருக்கு அதுவே மலையிலிருந்து இறங்கும் வழியாகவும் உள்ளது. பயணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் முனையவில்லை, அவன் அறியாதவன். அறிந்தும் அறியாதார் போல இருப்பவர்கள் நாமே. கொலோனில் அந்நகரத்து வடிப்போரின் உடன்படிக்கையைப் படித்து வந்து விரிவுரைக்கும் நாம், பசறையில் கித்துள் சீவுவோனின் சட்டநிலை யாது என ஒருபோதும் வினவியதில்லை. நம் ஆராய்ச்சி மனப்பான்மை விமானம் ஏறியபின்னரே விழித்துக்கொள்கின்றது.

6. செய்யத்தக்கன

கள்ளைப் புனிதமாக்குதலும் பயணத்தைப் பாவமாக்குதலும் நம் நோக்கமல்ல. ஒரே அளவுகோலை இரு இடத்தும் பயன்படுத்துக என்பதே நாம் வேண்டுவது.

அது நடைமுறைக்கு ஒவ்வாத கனவென்று கூறுவோர் நம் நாட்டின் வடபுலத்தை நோக்குக. அங்கே பனையும் தென்னையும் சீவுவோர் நீண்டகாலம் குத்தகைக்காரரின் பிடியிற் கிடந்தனர். சாதியின் இழிவும் அவர்மீது சுமத்தப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தபோது, கள்ளை விற்கும் உரிமை அதனை இறக்குவோரின் சங்கங்களுக்கு வந்தது. அச்சங்கங்களின் முயற்சியில் எழுந்த திக்கம் வடிசாலையும், போத்தலில் அடைத்துக் கடல்கடந்து அனுப்பப்படும் பனங்கள்ளும் அதன் பயன்கள். அவற்றிலும் குறைபாடுகள் உண்டு. போரின் அழிவையும் அவை தாங்கவேண்டியிருந்தது. எனினும், இறக்குவோனே உரிமையாளனாகும்போது குடியின் பொருளாதாரமும் அதன் மீதான இழிவும் ஒருங்கே மாறத் தொடங்கும் என்பதற்கு அது சான்று.

ஊவாவில் இவ்வினா மேலும் சிக்கலானது. கித்துள் மரம் சிங்களக் கிராமத்தானிடம் உள்ளது. தோட்டத் தொழிலாளியிடம் மரமுமில்லை, மரம் நிற்க நிலமுமில்லை. ஆயினும், கிராமத்தானின் காட்டைப் பறித்த அதே ஆட்சியே தொழிலாளியை அந்நிலத்தில் லயத்திற் கட்டிப்போட்டது. கித்துள் சீவுவோனுக்கு உரிமம் எளிதாதலும், சீவுவோரின் கூட்டுறவு எழுதலும், தொழிலாளிக்குக் காணியும் நீதியான சம்பளமும் கிட்டுதலும், தவறணையின் எண்ணிக்கையையும் நேரத்தையும் தீர்மானிப்பதில் லயத்துப் பெண்களின் குரல் கட்டாயமாக்கப்படுதலும் ஒரே கோரிக்கையின் பகுதிகளாகும். இனத்தின் பேரால் இருவரையும் பிரித்தவர்களுக்கு இக்கோரிக்கை உவக்காது. அது பற்றி நாம் கவலைகொள்ள வேண்டியதில்லை.

பல்கலைக்கழக மாணவருக்கு இதில் ஒரு தனிப்பணி உண்டு. மலையகக் குடியைப் பற்றி நம் நூலகங்களிற் கிடப்பவை பெரும்பாலும் துரைமாரின் குறிப்புகளும் மதுவரி அறிக்கைகளுமே. தவறணையைப் பற்றித் தொழிலாளி என்ன கூறினான், அவன் மனைவி என்ன கூறினாள், கித்துள் சீவியவன் தன் வழக்கை நீதிமன்றில் எவ்வாறு சொன்னான் என்பன இன்னும் எழுதப்படவில்லை. அவற்றைச் சொல்ல வல்ல முதியோர் ஒவ்வோராண்டும் குறைந்து வருகின்றனர். பதுளைக்கும் பசறைக்கும் விடுமுறையிற் செல்லும் மாணவர், ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தோடு இவ்வாய்மொழிகளையும் கொண்டு திரும்புதல் கூடும்.

வெளிநாடு செல்லும் நம் அறிஞர்கள் அவ்வவ்வூர்ப் பியரை இனியும் சுவைக்கட்டும். சுவைக்குமுன் நான்கு வினாக்களைக் கேட்கட்டும்: இதனை ஆக்கியவர் யார்? ஆக்கும் உரிமை யாரிடம் உள்ளது? இலாபம் எங்கே செல்கின்றது? ஆக்கியவரும் அயலவரும் இதனை வாங்கி அருந்த இயலுமா? பின்னர் நாடு திரும்பி, அதே நான்கு வினாக்களை எல்ல – பசறை வீதியிலும் கேட்கட்டும். அங்கே கிடைக்கும் விடைகளைத் தம் பயணக் கட்டுரையின் இறுதிப் பகுதியாக எழுதட்டும். அதுவரை, மலையகத்தானின் குடியைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதியை அவர்கள் பெற்றுவிட்டதாக நாம் ஏற்பதற்கில்லை.